பள்ளத்தூர் வீதிகளில்

விடுமுறையில் ஊர் பார்க்கப் புறப்படுவோர் பெரும்பாலும் மதுரை, தஞ்சை, மாமல்லபுரம் என அரசர்கள் புகழ் நிறுத்திய ஊர்களையே நாடுகின்றனர். அங்கே வரலாறு கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்துச் சொல்லுவோரும் உளர். எந்த அரசனுக்கும் தலைநகராக இராத ஓர் ஊரைக் காணச் சென்றால் வரலாற்றை எங்கே தேடுவது? சிவகங்கை மாவட்டத்துப் பள்ளத்தூர் அத்தகைய ஊர்.

காரைக்குடிக்கு வடக்கே கோட்டையூரைக் கடந்து சென்றால் பள்ளத்தூர். அதற்கும் அப்பால் கானாடுகாத்தான். சுற்றிலும் செம்மண் பூமி. மழை குறைவு; வற்றாத ஆறு கிடையாது. இந்த வறண்ட நிலத்தில், கோடு கிழித்தாற்போல நேரான வீதிகளும், அவற்றின் இரு மருங்கிலும் மாளிகை போன்ற வீடுகளும் எழுந்து நிற்பதைக் கண்டு வியவாதார் இலர். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும். அதன் பின்வாயில் அடுத்த தெருவில் திறக்கும். தலைவாயிலில் நின்று நோக்கினால் பட்டாலை, வளவு, இரண்டாங் கட்டு, சமையற்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, கடைசியில் பின்தெருவின் வெயில் ஒரு சிறு சதுரமாகத் தெரியும்.

வளவு என்பது நடுவே வானம் திறந்த முற்றம். அதைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆனால் கூரை ஒன்றே. ஓட்டின்மேல் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கும். மிகுந்த நீர் தெருக் கால்வாய் வழியே ஊருணியை அடையும். இந்நாட்டு ஊர்களை அமைத்தவர் பணத்தை மட்டுமன்று, நீரையும் எண்ணிச் செலவிட்டவர் என்பது இதனால் விளங்கும். பயணிகள் தூண்களைப் படம் பிடிக்கின்றனர். ஊருணிக் கரைக்குச் செல்வோர் சிலரே. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

இனி, வீட்டிலுள்ள பொருள்களைப் பாருங்கள். தூணும் உத்தரமும் பர்மாவின் தேக்கு. தரையின் சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. சுவர், சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி, கண்ணாடி போல் மெருகேற்றியது. பூவேலை செய்த வண்ணத் தரைக்கல் அண்டை ஊராகிய ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின் மீது சாயச் சாந்தை ஊற்றிக் கையால் வார்க்கப்படுவது. ஒரு கூடத்தில் நின்றபடியே பாதி உலகைக் காணலாம். வரலாறு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் பார்த்து, 'எப்படி வந்தாய்?' என்று கேட்க வேண்டும்.

தேக்கைக் கேட்போம். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவின் வழி குறுகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காடுகள் வயல்களாயின. காட்டைத் திருத்தும் உழவனுக்குக் கடன் வேண்டும். அன்னிய வங்கிகள் அவனை ஏறிட்டும் பாரா. அந்த இடத்தில்தான் நகரத்தார் புகுந்தனர். 'கொண்டுவிக்கப் போதல்' என்று அவர்கள் சொல்லிய கடல்கடந்த வாணிகம் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் எங்கும் பரவியது. ஆடவர் ஆண்டுக்கணக்கில் அக்கரையில் இருக்க, இங்கே வீட்டை ஆண்டவர் ஆச்சிமார்.

1930ஐ ஒட்டி உலகெங்கும் விலைகள் சரிந்தன. நெல்லும் விலை வீழ்ந்தது. பர்மிய உழவரால் கடனைக் கட்ட இயலவில்லை; ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937இல் 25 பங்காக உயர்ந்தது. நிலம் வேண்டும் என்று அவர்கள் தேடிச் சென்றதில்லை. அவர்கள் தொழில் வட்டி, உழவன்று. எனினும் நிலத்தை இழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு எவ்வாறு தெரியும்? இந்த வழவழப்பான தூணைத் தடவிப் பார்ப்போர், அதன் மறுமுனையில் இருந்த அவனையும் நினைத்தல் தகும்.

பிறகு வீழ்ச்சி விரைந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. இந்தியர் பல்லாயிரவர் காட்டு வழியே நடந்து தாயகம் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் எஞ்சியிருந்த வங்கியும் கடையும் அரசுக்குச் சென்றன. செட்டிநாட்டு வீடுகளுக்கு வருவாய் வந்த ஊற்று அடைபட்டது.

அக்கரைக்குச் சென்றோர் அனைவரும் வட்டிக்கே சென்றவரல்லர். 1911இல் பிறந்த, பக்கத்துக் கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தினார். பின்னர் நாடு நாடாகச் சென்று காந்தியடிகள் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி, 1940இல் ஒரு முழுப் படமாக வெளியிட்டார். கண்டதைக் கண்டவாறே எளிமையாக எழுதுவது அவர் வழக்கம். பயணக் கட்டுரை எழுத விரும்பும் மாணவர்க்கு அவர் நூல்களே நல்ல பாடம்.

2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும் பட்டியல் ஓட்டையான கூரையை வேய்ந்துவிடாது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பழுது பார்க்க அனைவரும் இசைய வேண்டும். விற்கவும் இசைய வேண்டும். இசைவு கிட்டாத வீடு மெல்லச் சரிகிறது. இசைவு கிட்டிய வீடோ, சில வேளை கதவு வேறு, தூண் வேறாகப் பிரிக்கப்படுகிறது. காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் உள்ளன. அங்கே நிலைக்கதவு முதல் பித்தளைத் தூக்கு வரை கிடைக்கும். உல்லாசப் பயணிகள் பேரம் பேசி வாங்கி மகிழ்கின்றனர். ஆனால் நேர்கோட்டில் அமைந்த வாயில்களில் ஒன்றை எடுத்துவிட்டால், எஞ்சியவை வெறும் துளைகளே.

இத்தனைக்குமிடையே பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர், திருமணம் என்றால் பூர்வீக வீட்டுக்கு வரும் வழக்கத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. அப்போது ஓடு மாற்றுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், பல மாதங்கள் பூட்டிக் கிடந்த அறைகளை அவரவர் சாவியால் திறப்பார்கள். வளவில் பந்தி விரியும். பள்ளத்தூருக்குப் போக நினைப்பவர்கள், கூடுமானால் முகூர்த்த நாளாகப் பார்த்துப் போங்கள்.