மென்பொருள் குழுத் தொடர்பாடல்

மென்பொருள் எழுதும் குழுவில் யார் யாரோடு, எந்த வழியில், எத்தனை நாளுக்கொருமுறை பேசுகிறார்கள் என்பதையும், காலப்போக்கில் அது வேலையின் வேகத்தை எப்படி மாற்றுகிறது என்பதையும் இது குறிக்கும். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேசினால், ஐந்து பேருக்கிடையே 10 தொடர்புகள். பத்துப் பேரானால் 45. பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியதற்கு இந்தக் கணக்கும், புதியவரைப் பழக்க எடுக்கும் நேரமும் காரணம்.

தொடர்பு தாமதித்தால் வேலையும் தாமதிக்கும் என்பதை மட்டக்களப்பின் படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்காரருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே மண்முனையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகு ஓடிய காலத்தில், சின்ன அலுவலுக்கும் துறையில் காத்து நிற்க வேண்டும். 2014இல் பாலம் திறந்தது. வாவி அதேதான், காத்திருப்புப் போனது. மென்பொருள் குழுக்களிலும் நாளைத் தின்பது பல நேரம் பதிலுக்கான காத்திருப்பே.

தொடர்பாடல் வேலையின் வேகத்தை மாற்றுவதற்கு இலங்கையின் சிறந்த சான்று சஹானா என்ற மென்பொருள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையையும் அழித்த பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவதற்குத் தன்னார்வலர்கள் இதை எழுதினார்கள். நோக்கம் ஒன்று, கேட்பவரும் எழுதுபவரும் அருகில். சில வாரங்களிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் பங்களிப்போர் பல நாடுகளுக்குப் பரவினர். இப்படித் தோளைத் தட்டிக் கேட்க முடியாத இடத்தில், முடிவுகளை எழுத்தில் வைக்காத குழு அதே கேள்வியைத் திரும்பத் திரும்பப் பேசும். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டியிலும் சஹானா பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது.