அந்தமான் மரத் தொழிலும் தேய்மானக் கணக்கும்

அந்தமானில் வனத்துறை உருவானது 1883இல். அதே ஆண்டில் போர்ட் பிளேயரை ஒட்டியுள்ள சாத்தம் என்ற சிறு தீவில் அரசு ஒரு மர அறுவை ஆலையைத் தொடங்கியது. 1858 முதல் இருந்துவந்த தண்டனைக் குடியிருப்புக்கு வீடு கட்டவும் படகு கட்டவும் மரம் வேண்டியிருந்தது. காட்டிலோ மரத்துக்குப் பஞ்சமில்லை. வேங்கையின் இனத்தைச் சேர்ந்த செந்நிறப் படாக், நெடிதுயர்ந்த குர்ஜன் போன்ற மரங்களை வெட்டி, யானைகளைக் கொண்டு கரைக்கு இழுத்து, தெப்பமாகக் கட்டிக் கடல்வழியே ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். அறுத்த பலகைகள் உள்ளூர்த் தேவைக்குப் போக, கப்பலேறி வெளியூர்ச் சந்தைகளுக்கும் போயின. நூறாண்டுக்கு மேலாகத் தீவுகளின் முதன்மையான தொழில் இதுவாகவே இருந்தது.

இந்த ஆலைக்கு லாபம் வந்ததா என்ற கேள்விக்கு அரசுக் கணக்கைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு. ஓர் அறுவை இயந்திரம் வாங்கிய ஆண்டில் அதன் முழு விலையும் செலவாக எழுதப்படும். அடுத்த பதினைந்து ஆண்டுகளும் அது இலவசமாக ஓடுவதுபோல் தோன்றும். முதல் ஆண்டு பெருநட்டம், பின்னர் எல்லா ஆண்டும் லாபம் என்ற காட்சி பொய்க்காட்சி. இயந்திரத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகள் அனைத்துக்கும் பகிர்ந்து எழுதுவதே தேய்மானம். அரசுத் துறையே வணிகம் நடத்தும் இடங்களில் இதற்காகத் தனியே வணிகமுறைக் கணக்கு தயாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. இந்தியாவில் இந்த எண்ணத்துக்குப் பெரிய உந்துதல் ரயில்வேயிலிருந்து கிடைத்தது. ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1924இல் ரயில்வே நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டபோது, தேய்மானத்துக்கென்றே ஒரு நிதியும் ஏற்படுத்தப்பட்டது. அந்தமான் வனத்துறையும் பிற்காலத்தில் இத்தகைய வணிகமுறைக் கணக்கு தயாரிக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் இடம்பெற்றது. இந்தக் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதைத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகள் அரசுத் துறைகள் பலவற்றைக் குறித்தும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கின்றன.

கணக்கு போடும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரு பட்டைவாள் இயந்திரத்தின் அடக்கவிலை 15 லட்சம் ரூபாய், பயன்படும் காலம் 15 ஆண்டுகள், கடைசியில் பழைய இரும்பாக விற்றால் 75,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் மீதியுள்ள 14,25,000 ரூபாய் 15 சம பங்காகி, ஆண்டுக்கு 95,000 ரூபாய் செலவாகும். குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பின்மேல் ஏறக்குறைய 18.1 சதவீதம் எழுதப்படும். முதலாண்டில் 2,71,500 ரூபாய், இரண்டாம் ஆண்டில் சுமார் 2,22,000 ரூபாய் என்று தொகை இறங்கிக்கொண்டே வரும். புதிதாக இருக்கும்போது இயந்திரம் நன்றாக ஓடும், பழுதுச் செலவு குறைவு. பழசானால் பழுதுச் செலவு ஏறும், தேய்மானம் இறங்கும். இரண்டையும் கூட்டினால் ஆண்டுச் சுமை ஓரளவு சமமாக இருக்கும் என்பதே இரண்டாம் முறையின் நியாயம். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரமே துருவேறும் தீவுகளில் இந்த நியாயத்துக்குக் கூடுதல் வலு உண்டு. இரு முறையிலும் இந்தப் பதிவால் ரொக்கம் ஒரு பைசாகூட வெளியே போவதில்லை. பணம் போனது இயந்திரம் வாங்கிய அன்று. ஆண்டுதோறும் பேரேட்டில் ஏறுவது அந்தப் பழைய செலவின் ஒரு பங்கு மட்டுமே.

1942 மார்ச் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் சாத்தம் ஆலையின்மேல் குண்டு வீசின. அந்தக் குண்டு தோண்டிய பள்ளம் இன்றும் ஆலை வளாகத்தில் காட்சிக்கு இருக்கிறது. அதே மாதத்தில் தீவுகள் ஜப்பானின் வசமாயின. போர் முடிந்த பிறகே ஆலை மீண்டும் ஓடியது. இப்படி ஒரே நாளில் அழிவதைத் தேய்மானம் என்று கணக்கியல் ஏற்பதில்லை. தேய்மானம் எதிர்பார்த்த தேய்வு, முறையாகப் பகிரப்படுவது. குண்டில் போன இயந்திரத்தின் எஞ்சிய மதிப்பு, போன ஆண்டின் நட்டமாக ஒரே வரியில் எழுதப்பட வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1951இல் வட அந்தமான் காடுகளில் மரம் வெட்டும் உரிமை பி.சி. ரே என்ற கல்கத்தா நிறுவனத்துக்கு 25 ஆண்டு உரிமமாக அளிக்கப்பட்டது. இங்கே வேறு வகைச் சொத்து நுழைகிறது. கையால் தொட முடியாத, காலவரம்புள்ள உரிமை. இத்தகைய உரிமைக்கு முன்கூட்டிக் கொடுத்த தொகையை உரிமக் காலம் முழுக்கப் படிப்படியாகப் போக்கெழுதுவதையே தணிக்கையாளர்கள் அமார்ட்டைசேஷன் என்கிறார்கள். தேய்மானத்துக்கும் இதற்கும் கணக்கு ஒன்றே. முன்னது இயந்திரம், கட்டடம் போன்ற புலனாகும் சொத்துக்கு, பின்னது உரிமம், காப்புரிமை, மென்பொருள் போன்ற புலனாகாச் சொத்துக்கு. 25 லட்சம் கொடுத்து 25 ஆண்டு உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஒரு லட்சம் எழுதும். வெட்டிய அளவுக்கு அவ்வப்போது செலுத்தும் ராயல்டி இதில் சேராது. அது அந்தந்த ஆண்டின் செலவு. ஆனால் உரிம நிலத்தில் போட்ட பாதையும் கட்டிய முகாமும் படகுத்துறையும் உரிமத்தின் ஆயுளுக்குக் கட்டுப்பட்டவை. முப்பது ஆண்டு நிற்கக்கூடிய படகுத்துறையானாலும், உரிமம் இருபத்தைந்தில் முடிந்து நிலத்தை ஒப்படைக்க வேண்டுமென்றால் அதன் மதிப்பை இருபத்தைந்து ஆண்டுக்குள் எழுதித் தீர்க்க வேண்டும். வட அந்தமான் உரிமமோ அந்த 25 ஆண்டும் முடியும் முன்பே முடிவுக்கு வந்தது.

உரிமத்தைப் போக்கெழுதாமலே பங்காதாயம் வழங்கலாமா என்பது பழைய வழக்கு. சுவிட்சர்லாந்தின் நிலக்கீல் சுரங்க உரிமத்தை மட்டுமே நம்பி நடந்த நூஷாட்டல் அஸ்பால்ட் நிறுவனம் தொடர்பாக 1889இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், தேய்ந்துபோகும் சொத்தை ஈடுகட்டாமலே பங்காதாயம் தரலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பார்வையில் முதலீட்டையே லாபமென்று பங்கிட்டுத் தின்ன வழி இருந்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 205ஆம் பிரிவு 1960இல் திருத்தப்பட்டபோது, தேய்மானத்துக்கு ஒதுக்கிய பிறகே பங்காதாயம் என்ற விதி வந்தது. பங்குதாரரையும் கடன் கொடுத்தவரையும் காப்பதில் இந்தியச் சட்டம் எடுத்த முக்கியமான அடி இது. 2003 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் தரம் 26, புலனாகாச் சொத்துகளைப் போக்கெழுதுவதற்கும் விதி வகுத்தது. ஆயுள் பத்தாண்டுக்கு மேற்படாது என்பது அதன் பொது ஊகம்.

1977இல் மத்திய அரசு அந்தமான் நிக்கோபார் தீவுகள் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. மரம் வெட்டுவதோடு, சின்ன அந்தமானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தையும் கச்சாலில் ரப்பர்த் தோட்டத்தையும் கழகம் நடத்தியது. கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவர்களில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1970களின் நடுவில் தொடங்கிய எண்ணெய்ப்பனை நடவு, 1986இல் சூழலியல் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டபோது 1,593 ஹெக்டேரை எட்டியிருந்தது.

தோட்ட மரமும் கணக்கில் ஓர் இயந்திரம்தான். எண்ணெய்ப்பனை மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், ரப்பர் ஏறக்குறைய ஏழாம் ஆண்டில் பால் தரும். அதுவரை நாற்றுக்கும் உரத்துக்கும் களையெடுப்புக்கும் ஆன செலவெல்லாம் சொத்தின் அடக்கவிலையில் சேரும்; பலன் தரத் தொடங்கியதும் தேய்மானம் தொடங்கும்; சுமார் 25 ஆண்டில் மரம் கிழடாகும். ரப்பர் மரம் வெட்டினால் விலைபோகும், அதற்கு எச்ச மதிப்பு உண்டு. எண்ணெய்ப்பனைத் தண்டுக்குப் பெரிதாக விலையில்லை. பலன் தரும் மரங்களை இயந்திரம்போலவே நடத்த வேண்டும் என்பதை 2016இல் திருத்தப்பட்ட கணக்கியல் தரம் 10 வெளிப்படையாகவே எழுதிவைத்தது.

கழகம் நட்ட பனைக்குத் தேய்மானம் உண்டு, காட்டில் தானே வளர்ந்த படாக்குக்கு இல்லை. யாரும் விலை கொடுத்து வாங்காததால் அது எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஏறவில்லை. ஏறாதது தேய்வதும் இல்லை. வாள் மழுங்கியது செலவாகப் பதிவானது. பல நூறு ஆண்டு வளர்ந்த காடு மெலிந்ததற்கு, ராயல்டி என்ற சிறு தொகை தவிர, கணக்கில் இடமில்லை. அந்தமான் மரத் தொழில் அந்தக் காலத்தில் காட்டிய லாபத்தை இந்த வெற்றிடத்தை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். கணக்காளர்கள் செய்த தவறன்று இது. கொடுத்த விலையை மட்டுமே பகிரும் ஒரு முறையின் எல்லை.

அந்த எல்லைக்கு வெளியே இருந்ததை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் அழிவதைத் தடுக்க டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நாடு முழுவதன் காடுகளுக்கும் விரிந்தது. அதன் தொடர்ச்சியாக அமைந்த சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று, 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தமானில் வணிக மரவெட்டைத் தடுத்தது. எண்ணெய்ப்பனை, ரப்பர் தோட்டங்களையும் படிப்படியாக விலக்கச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு இடைக்கால ஆணையிலேயே வெட்டு நின்றுபோயிருந்தது. தீவுகளின் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு மூலப்பொருள் அற்றுப்போனது.

மேலே சொன்ன பட்டைவாளுக்கு வருவோம். ஐந்து ஆண்டு ஓடியபின் தடை வருகிறது. நேர்கோட்டு முறையில் அதன் ஏட்டு மதிப்பு 10,25,000 ரூபாய். இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை, அறுக்கத்தான் மரமில்லை. விற்றால் இரண்டு லட்சம்தான் கிடைக்குமென்றால் 8,25,000 ரூபாயை உடனே நட்டமாக எழுத வேண்டும். இதை மதிப்பிழப்பு என்று பிரித்து விதி வகுத்த கணக்கியல் தரம் 28, 2004 ஏப்ரல் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. மிகக் கொடிய இழப்பைச் சந்தித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. நிக்கோபார் பகுதியில் நிலமே தாழ்ந்தது. இந்திராமுனையில் 1972 முதல் இயங்கிய கலங்கரை விளக்கத்தின் அடிவாரம், நிலம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியதால் கடலுக்குள் போனது. கணக்கியலின் பொது விதிப்படி நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, அதன் ஆயுள் முடிவற்றது என்பதால். நிக்கோபாரில் கடல் கொண்ட நிலத்துக்கு அந்த விதி பொருந்தவில்லை. அங்கே நிலமும் மதிப்பிழந்த சொத்தே.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 2014 ஏப்ரல் முதல் பழைய விகிதப் பட்டியலை அகற்றி, ஆயுளை அடிப்படையாக்கியது. பொது இயந்திரத்துக்கு 15 ஆண்டு, ஆலைக் கட்டடத்துக்கு 30, எச்ச மதிப்பு பொதுவாக அடக்கவிலையில் 5 சதவீதத்துக்குள். தொழில்நுட்பக் காரணம் காட்டினால் வேறு ஆயுளும் கொள்ளலாம். கடலோர ஆலைகளுக்கு இது உதவும். வருமான வரிக்கு மட்டும் குறைந்துசெல் முறையில் தனி விகிதங்கள் தொடர்கின்றன. ஒரே இயந்திரத்துக்கு நிறுவனத்தின் ஏட்டில் ஒரு மதிப்பும் வரிக் கணக்கில் வேறொரு மதிப்பும் இருப்பது இதனால்தான்.

வன வளர்ச்சிக் கழகம் தடைக்குப் பின் எழவே இல்லை. மத்திய அரசின் கடனில் சம்பளம் கொடுத்துவந்தது. 2017 ஆகஸ்டில் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்போது எண்ணூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள். தேய்மானத்தின் அடித்தளமே நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அனுமானம். மூடுவது உறுதியானதும் அந்த அனுமானம் விழுகிறது. எஞ்சிய ஆயுளுக்குப் பகிர்ந்து எழுதும் கணக்கு நின்று, ஒவ்வொரு சொத்தும் இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையில் மதிப்பிடப்படுகிறது.