இணையவழிக் கல்வி: கைப்பேசிச் செலவு யாருடையது?

2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், இராசிபுரம் தனியார் பள்ளிகள் திரைக்கு இடம்பெயர்ந்தன. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளின் அருந்ததியர் குடியிருப்புகளில் நாம் கண்டது வேறு. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் லாரிக்குப் போகும் தந்தையுடன் போய்விடும். பிள்ளைகள் விசைத்தறிக்குப் போனார்கள். சேலத்திலோ வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போனார்கள்.

அரசு, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியை நம்பியது. நியாயமாகச் சொன்னால் அது தவறான தேர்வன்று. இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி பல வீடுகளில் இருந்தது. ஆயினும் ஐயம் கேட்க வழியில்லாத வகுப்பு அது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினருக்கே இணைய வசதி இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? கல்வி உரிமைச் சட்டம், 2009இன் பிரிவு 3(2), தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையின்மீது சுமத்தலாகாது என்கிறது. வகுப்பே கைப்பேசியில் நடக்கும்போது கருவியும் இணையக் கட்டணமும் அத்தகைய செலவே என்பது நமது வாதம். கேரள உயர்நீதிமன்றம் 2019இல் இணைய அணுகலைக் கல்வி உரிமையின் பகுதியாக ஏற்றது. டெல்லி உயர்நீதிமன்றம் 2020 செப்டம்பர் 18 அன்று, நலிந்த பிரிவு மாணவர்களுக்குக் கருவியும் இணைய வசதியும் பள்ளிகளே இலவசமாக வழங்க உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

நாம் வென்றாலும் ஓர் ஓட்டை எஞ்சும். அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டமோ மேல்நிலை மாணவர்களுக்கானதாக இருந்தது. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பும் அதற்கு முந்தைய ஒன்பதாம் வகுப்பும் இரண்டுக்கும் நடுவே விழுகின்றன. பள்ளியை விட்டுப் பிள்ளைகள் தறிக்குப் போகும் வயதும் அதுவே.

2024இல் தமிழ்நாடு சட்டமன்றம், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தனிச் சட்டம் இயற்றியது. அந்நிதியில் இவ்விரு வகுப்பு மாணவர்களின் கருவிக்கும் இணையத்துக்கும் ஒதுக்கப்பட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று மாவட்டவாரியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மனுவில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘பள்ளி மாணவர்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் வரும் மொத்தக் கணக்கில் அவர்கள் மறைந்துபோவார்கள்.