கேட்கும் காது யாருடையது? ஆன்லைன் கவுன்சலிங்கின் முன்கதை

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கல் ரயிலில் சாயங்காலம் ஏறினால் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கதவுப் பக்கம் போய், போனை வாயோடு ஒட்டி, மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் பேச முடியாது, வேலையிடத்தில் பேச முடியாது. ரயில் சத்தம்தான் அவருக்குச் சுவர்.

சில வருஷம் முன்னாடி எனக்கும் அந்தச் சுவர் தேவைப்பட்டது. அப்பா உடம்பு சரியில்லாமல் இருந்த நேரம், ராத்திரியில் புராஜெக்ட் கால், தூக்கம் போச்சு. கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது: ஊழியர்களுக்கு இலவச ஆன்லைன் கவுன்சலிங், முழு ரகசியம் காக்கப்படும். லிங்கை அழுத்தினேன். முதல் பக்கத்திலேயே எம்ப்ளாயீ ஐடி கேட்டது. மூடிவிட்டேன்.

அந்த ஐடி எங்கே போகும்? யார் பார்ப்பாங்க? இதைத் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். ஆன்லைன் கவுன்சலிங் ஏதோ கொரோனாவில் பிறந்த சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

தொழிற்சாலைக்குள் ஒரு காது

அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை இருந்தது. அங்கே செய்தது டெலிபோன் கருவிகள். மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு ‘ஹாத்தார்ன் ஆய்வுகள்’ என்றால் தெரிந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த கதையைத்தான் எல்லோரும் சொல்வாங்க. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது.

1928லிருந்து 1930 வரை சுமார் 21,000 தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியல் இருந்தது: மேற்பார்வையாளர் எப்படி, வேலைச் சூழல் எப்படி என்று. ஆனால் தொழிலாளர்கள் பட்டியலை விட்டு விலகி வீடு, கடன், குழந்தை என்று பேச ஆரம்பித்தார்கள். பேட்டி எடுத்தவர்கள் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, குறுக்கிடாமல் கேட்டார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது.

1936இல் இதை நிரந்தர ஏற்பாடாக்கினார்கள். கவுன்சலர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே நடமாடினார்கள். அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. சுமார் 20 வருஷம் ஓடி, 1950களின் நடுவில் நின்றுபோனது. இதன் மேல் வந்த பெரிய விமர்சனம் இன்றைக்கும் பொருந்தும்: குறையைக் கேட்கிறார்கள், குறையைத் தீர்க்கவில்லை, ஆவியை வெளியே விட ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அந்தக் காதுக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி.

நம் ஊரிலும் இதன் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவு 49, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்றது. தொழிலாளி ‘வெல்ஃபேர் ஆபீசர்’ என்று சொல்பவர் அவர்தான். நல்லவர்கள் நிறைய பேர் இருந்திருப்பாங்க. ஆனாலும் அவருக்கும் சம்பளம் அதே கம்பெனியிலிருந்துதான்.

லண்டனில் ஒரு போன்

இதற்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தவர் சாட் வாரா என்ற லண்டன் பாதிரியார். 1935இல் ஒரு 14 வயதுப் பெண்ணின் இறுதிச் சடங்கை அவர் நடத்த வேண்டியிருந்தது. முதல் மாதவிடாயை ஏதோ நோய் என்று பயந்து அந்தப் பெண் உயிரை விட்டிருந்தாள். கேட்பதற்கு அவளுக்கு ஒரு ஆள் இல்லை.

அது அவர் மனதில் தங்கிவிட்டது. 1953 நவம்பரில் தன் தேவாலயத்தில் ஒரு போனை வைத்து, தவிப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். ‘சமாரிட்டன்ஸ்’ இப்படித்தான் தொடங்கியது. போனில் கூப்பிட்டவர்கள் போக நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவருக்காகக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்கவும் பேச்சுத் துணைக்கும் தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். நிறைய பேர் தன்னார்வலரிடம் பேசியதுமே பாரம் குறைந்து, இவரைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். 1954 தொடக்கத்தில் வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார். 1994இல் சமாரிட்டன்ஸ் ஈமெயிலிலும் பதில் தர ஆரம்பித்தது.

இங்கே போன் என்ன செய்தது? தூரத்தைக் குறைத்தது என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அது தூரத்தை உண்டாக்கியது என்றுதான் படுகிறது. கேட்பவருக்கு உன் பெயர் தெரியாது, முகம் தெரியாது, உன் சம்பளம் அவர் கையில் இல்லை. அந்த இடைவெளி இருந்ததால்தான் பேச்சு வந்தது.

சென்னைக்கு இது 1986இல் வந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வைத் தொடங்கினார். அங்கேயும் தன்னார்வலர்கள்தான், இலவசம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கள் துறையின் பங்கு

சாஃப்ட்வேர்காரன் என்ற முறையில் எலைசாவைச் சொல்லாமல் விட முடியாது. 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதிய புரோகிராம் அது. நாம் டைப் செய்வதையே திருப்பி நம்மிடம் கேள்வியாகக் கேட்கும். ஒரு கவுன்சலர் மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். அவருடைய செக்ரட்டரி அதனோடு டைப் செய்யத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, அறையை விட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். இந்தக் கதை பிரபலம். அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் வைசன்பாம் எழுதியிருக்கிறார். எல்லோருடைய உரையாடலையும் பதிவு செய்து பார்க்கலாமா என்று யோசனை சொன்னபோது, அந்தரங்கத்தை உளவு பார்க்கிறாய் என்று அவர் மேல் பாய்ந்தார்களாம். எதிரில் இருப்பது மெஷின் என்று தெரிந்தும் மக்கள் கேட்டது அதே கேள்விதான்: லாகை யார் பார்ப்பாங்க?

இப்போது

2015-16 தேசிய மனநல ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல். பெருநகரங்களில் அது இன்னும் அதிகம். நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசின் டெலி மானஸ் வந்தது. 14416 என்ற எண், 24 மணி நேரம், தமிழ் உட்பட 20 மொழிகள். தமிழ்நாட்டில் இதன் பெயர் ‘நட்புடன் உங்களோடு’.

மொழி என்பது கும்மிடிப்பூண்டியில் சின்ன விஷயம் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரே அறையில் பலர் தங்கி, கான்ட்ராக்டில் வேலை செய்பவர்களுக்குக் கம்பெனி ஆப் வராது. அது பர்மனென்ட் ஊழியருக்குத்தான். அவர்கள் கையில் இருப்பது அந்த ஐந்து இலக்கம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 ரகசியத்தை உரிமையாக்குகிறது. பிரிவு 24 அதை டிஜிட்டல் பதிவுகளுக்கும் நீட்டிக்கிறது. ஆனால் அது பேசுவது மனநோய் உள்ளவரின் உரிமையை. தூக்கம் கெட்டு, மனசு விட்டுப் பேச ஒரு ஆள் தேடும் என்னைப் போன்றவர்கள் விஷயத்தில் கம்பெனிக்கும் ஆப்புக்கும் இடையில் உள்ள ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியமாகிறது.

அதனால் ஆபீஸ் தரும் ஆன்லைன் கவுன்சலிங் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி 10 மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும் ஆட்களுக்கு அது பெரிய உதவி. உள்ளே போகும் முன் மூன்று கேள்வி மட்டும் கேளுங்க. கம்பெனிக்குப் போகும் ரிப்போர்ட்டில் பெயர் இருக்குமா, எண்ணிக்கை மட்டுமா? பேசியது எத்தனை நாள் சேமிக்கப்படும்? எதிரில் இருப்பவர் என்ன படித்தவர்? நேரான பதில் வந்தால் தைரியமாகப் பேசுங்க. வராவிட்டால் வேறு காது இருக்கிறது.

நான் கடைசியில் வெளியே ஒரு கவுன்சலரைப் பிடித்தேன், என் காசில். ஆறு வாரம் வீடியோவில் பேசினேன். தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை, ஆனாலும் அப்பாவோடு உட்கார்ந்து பேச முடிந்தது. அது போதுமானதாக இருந்தது. எல்லோராலும் அந்தக் காசு கொடுக்க முடியாது என்பதும் தெரியும். ரயில் கதவோரம் நிற்பவரைப் பார்த்தால் 14416 என்று சொல்லி வையுங்க.