ஒரு பெயரில் பல பாவலர்

குடிவழியாக வரும் பெயர் பல தலைமுறையினரை ஒன்றாகப் பிணிப்பதை உலகெங்கும் காண்கிறோம். தமிழ் இலக்கிய வரலாற்றிலோ, குருதித் தொடர்பு ஏதுமின்றியே, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாவலர் பலரைப் பிணித்து நிற்கும் பெயர் ஒன்று உண்டு. அதுவே ‘ஔவை’. தாய், மூதாட்டி என்பன அச்சொல்லின் பொருள். கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘அவ்வ’ என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. ஆகவே, இதனை இயற்பெயர் என்பதினும் மதிப்புக் கருதி வழங்கிய பெயர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இப்பெயரால் நாம் முதலில் அறிபவர் சங்கப் புலவர். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என 59 பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர். தொண்டைமானிடம் தூது சென்றவர். அவ்வதியமான் வரலாற்று மாந்தனே என்பதற்கு, திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு சான்று பகர்கிறது. இப்புலவரை நரைத்த பாட்டியாக எண்ணுவதற்குப் பாடல்கள் இடந்தருகின்றனவா? புறநானூற்று 89ஆம் பாடலில், பகைவேந்தன் அவரை மையுண்ட கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என்றே விளிக்கிறான்.

இரண்டாமவர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நீதி நூல்களால் அறியப்படுபவர். நல்வழியின் இறுதிப் பாடல், குறளோடு மூவர் தமிழையும் திருவாசகத்தையும் திருமூலர் வாக்கையும் சேர்த்து எண்ணுகிறது. அங்ஙனமாயின், அந்நூலை இயற்றியவர் அதியமான் காலத்தவர் ஆதல் எவ்வாறு கூடும்? விநாயகர் அகவலும் ஔவை குறளும் யோக நெறியைப் பேசுவன. அவற்றின் நடையும் நோக்கும் முன்னவற்றினின்று வேறுபடுதலின், அவற்றைப் பிறிதோர் ஔவைக்கு உரியனவாகக் கொள்ளும் ஆய்வாளர் பலர்.

ஆயினும், மக்கள் மனம் இவர்கள் அனைவரையும் ஒருவராக்கிக்கொண்டது. பாரிமகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்று, அவர்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டியவர் கபிலர் என்பது புறநானூறு தரும் செய்தி. பிற்காலக் கதைகளோ அவர்களுக்கு அங்கவை, சங்கவை எனப் பெயரிட்டு, மணம் முடித்த பெருமையை ஔவைக்கு அளித்தன. 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற கோலமே பலருக்கும் ஔவையின் உருவமாயிற்று.

இக்கலப்பால் விளைந்த நன்மையையும் மறத்தலாகாது. பாட்டியின் வாக்கு என்ற மதிப்பே அந்நீதி நூல்களைத் திண்ணைப் பள்ளிதோறும் கொண்டு சேர்த்தது. ஆனால், அதற்கு ஈடாக நாம் இழந்தது என்ன? அவையில் அஞ்சாது பேசிய பாடினியும், நீதி புகட்டிய ஆசிரியையும், யோக அனுபவம் பாடிய அடியாரும் தத்தம் முகங்களை இழந்தனர்.

இப்பெயரை ஏற்ற ஆடவர் நிலையை இதனோடு ஒப்பிடுக. ஔவையார்குப்பத்தில் 1902இல் பிறந்த சு. துரைசாமிப் பிள்ளை, ஊர்ப்பெயரால் ‘ஔவை’ ஆனார். சங்க ஔவையின் பாடல்களைக் கொண்ட புறநானூற்றுக்கே உரை வரைந்தார். அவர்தம் மைந்தர் நடராசனும் ஔவை நடராசன் என்றே அறியப்பட்டார். மேடையில் ஔவையாராக நடித்த தி. க. சண்முகம் ‘ஔவை சண்முகம்’ எனப் புகழ்பெற்றார். இம்மூவரையும் எவரும் ஒருவராக மயங்குவதில்லை. ஔவை என்னும் பெயருக்குப் பின்னே அவரவர் பெயர் நின்று காக்கிறது. பெண்பாற் புலவர்க்கோ சிறப்புப் பெயர் நிலைத்தது. சொந்தப் பெயர் மறைந்தது.

எனவே, ஔவையார் ஒருவரா, பலரா என்னும் வினா காலக்கணக்கோடு முடிவதன்று. எழுதும் பெண்ணை அவள் பெயரால் நினைவிற் கொள்கிறோமா என்பதே அதன் உட்பொருள். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், அரங்கேறும் ஒவ்வொரு கவிதையோடும் அதனைப் படைத்தவரின் இயற்பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் பதிந்து காக்குமாக. புனைபெயர் எத்துணை இனிதாயினும், அதனை ஏற்றவர் இன்னார் என்பதைப் பின்வருவோர் அறிதல் வேண்டும்.