ஒரு டப்பாவில் இரு நஞ்சு: நெல்லிலும் பருத்தியிலும் கூட்டுப் பூச்சிக்கொல்லிகள் வந்த வழி

புரொபெனோபாஸ் 40 விழுக்காடு, சைபர்மெத்ரின் 4 விழுக்காடு. பருத்தி விளையும் ஊர்களின் மருந்துக்கடைகளில் நெடுங்காலமாக விற்கும் டப்பா ஒன்றின் மேல் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒரு நஞ்சு ஏன் நாற்பது, இன்னொன்று ஏன் நான்கு? இரண்டையும் ஒரே டப்பாவில் அடைக்கும் தேவை எப்போது, எதனால் வந்தது? இக்கட்டுரை இந்தக் கேள்விகளின் வழியே நெல், பருத்தி ஆகிய இரு பயிர்களின் எழுபது ஆண்டுப் பயிர்ப் பாதுகாப்பு வரலாற்றைப் பார்க்கிறது.

நஞ்சுகளைக் கலப்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பல வகைப் பூச்சிகளை ஒரே தெளிப்பில் கொல்வது முதல் காரணம். ஒரு நஞ்சைப் பூச்சியின் உடல் சிதைத்துவிடாமல் மற்றொரு நஞ்சு தடுப்பது இரண்டாவது. பூச்சிகளிடம் எதிர்ப்பாற்றல் வளர்வதைத் தள்ளிப்போடுவது மூன்றாவது. இவை மூன்றும் வெவ்வேறு கணக்குகள். முதல் கணக்கிற்காகப் பிறந்த சரக்குகள் பிற்காலத்தில் மூன்றாவதன் பெயரால் விற்கப்பட்டன என்பதும், அந்தக் குழப்பத்தின் விலையை வயலில் நின்றவர்களே கொடுத்தார்கள் என்பதும் என் வாதம்.

3-5-40

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கத் தென் மாநிலங்களின் பருத்தி வயல்களில் ஒரு தூள் மருந்து பெயர் பெற்றது. அதன் பெயரே எண்கள்தான்: 3-5-40. காமா பி.எச்.சி. 3 விழுக்காடு, டி.டி.டி. 5 விழுக்காடு, கந்தகம் 40 விழுக்காடு. அதற்கு முன் கால்சியம் ஆர்சனேட் தூவிப் பருத்திக் காய்க் கூன்வண்டைக் கட்டுப்படுத்திவந்த விவசாயிகளுக்கு இது புதுமை. கூன்வண்டையும் அசுவினியையும் பி.எச்.சி. கொன்றது. காய்ப்புழுவுக்கு டி.டி.டி. வேண்டியிருந்தது. டி.டி.டி. அடித்த வயலில் சிலந்திப்பேன் பெருகியதால் கந்தகமும் சேர்ந்தது.

இந்தக் கடைசிப் பொருளைக் கவனிக்க வேண்டும். வயலில் முன்பே இருந்த தொல்லைக்காகக் கந்தகம் வரவில்லை. டி.டி.டி. கிளப்பிவிட்ட தொல்லையை அடக்க வந்தது. ஒரு நஞ்சின் பின்விளைவுக்கு இன்னொரு நஞ்சு என்ற முறை கூட்டு மருந்தின் தொடக்கத்திலேயே இருந்தது. பின்னர் டாக்சபீனும் டி.டி.டி.யும் சேர்ந்த கலவை அந்த வயல்களை ஆண்டது. 1955இல் லூசியானாவில் கூன்வண்டு குளோரின் சார்ந்த நஞ்சுகளுக்கு அடங்காமல் போனது கண்டறியப்பட்டது. பெரு நாட்டின் கன்யேட்டே பள்ளத்தாக்கில் அதே வகை மருந்துகளை நம்பிய பருத்தி விவசாயம் 1956இல் சரிந்தது. கலவையில் இருந்த நஞ்சுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையானால் பூச்சிக்கு அவை ஏறத்தாழ ஒன்றுதான் என்ற பாடம் அப்போதே கையில் இருந்தது.

குருணையாக வந்த கலவை

நெல்லில் கதை வேறு திசையில் போனது. 1960களில் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியப் பூச்சியியலாளர் எம். டி. பாதக், காமா பி.எச்.சி. குருணையை வயலின் தேங்கு நீரில் தூவினால் தண்டுத்துளைப்பான் கட்டுப்படுவதைக் காட்டினார். தெளிப்பான் இல்லாத விவசாயியும் கையால் தூவிவிடலாம். ஆனால் பச்சைத் தத்துப்பூச்சியிடம் அந்த மருந்தின் வலு குறைவு. அந்தப் பூச்சிதான் துங்ரோ நோயைச் செடிக்குச் செடி கடத்துவது. ஆகவே தத்துப்பூச்சிக்குக் கார்பரில், துளைப்பானுக்குக் காமா பி.எச்.சி. என இரண்டையும் சேர்த்த குருணை வந்தது. இந்தியாவில் அது செவிடால் என்ற பெயரில் விற்றது. தஞ்சையிலும் மற்ற நெல் மாவட்டங்களிலும் குட்டை ரகங்கள் பரவிய அந்தக் காலத்தில் நெல்லுக்கான கூட்டு மருந்து என்றால் இந்த வகைதான். கார்பரிலைத் தயாரிப்பதற்காகத்தான் போபால் ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் சேமிக்கப்பட்டது. 1984 டிசம்பரில் அது கசிந்ததை நெல் மருந்தின் வரலாற்றிலிருந்தும் பிரிக்க முடியாது.

ஜப்பானில் நெல் வயல் வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. அங்கே பச்சைத் தத்துப்பூச்சி 1960களில் மாலத்தியானுக்கு அடங்காமல் போயிற்று. பூச்சியின் உடலில் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் மாலத்தியானை உடைத்துப்போட்டன. நெல்லின் குலைநோய்க்கு அடிக்கும் கிட்டாசின்-பி என்ற பூசணக்கொல்லியை மாலத்தியானோடு சேர்த்தபோது, அதுவே அந்த நொதியை முடக்கி மாலத்தியானுக்கு மீண்டும் வலு கொடுத்தது. பின்னர் கார்பமேட் மருந்துகளும் தோற்றன. அப்போது எதிர்ப்பாற்றல் பெற்ற பூச்சியையே அதிகம் தாக்கும் என்-புரொப்பைல் கார்பமேட்டுகளையும் வழக்கமான என்-மெத்தில் வகையையும் சேர்த்துச் சோதித்தார்கள். இங்கே கலவையின் பொருள் முற்றாக மாறிவிட்டது. இரண்டு பூச்சிகளுக்கு இரண்டு நஞ்சு என்ற கணக்கு போய், ஒரே பூச்சியின் உடலுக்குள் இரண்டு நஞ்சும் சேர்ந்து என்ன செய்கின்றன என்ற கேள்வி வந்தது. அதை அளக்கும் கருவிகளும் இருந்தன. சி. ஐ. பிளிஸ் 1939இலேயே கூட்டு நஞ்சின் செயலைக் கணக்கிடும் முறையை எழுதியிருந்தார். சன், ஜான்சன் இருவரும் 1960இல் கூட்டு நச்சுத்தன்மைக் குணகத்தைத் தந்தார்கள். அந்தக் குணகம் நூறைத் தெளிவாகத் தாண்டினால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை, தெளிவாகக் குறைந்தால் ஒன்றுக்கொன்று தடை. இந்திய வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இன்றும் புழங்கும் கணக்கு இதுதான்.

குண்டூரும் அதன் பின்னும்

1970இல் குஜராத்தில் உலகின் முதல் வணிகப் பருத்திக் கலப்பின ரகமான எச்-4 வெளிவந்தது. நீண்ட நாள் நிற்கும், உரத்தை நன்றாக ஏற்கும், காய்ப்புழுவுக்கும் நல்ல விருந்தாகும் ரகங்கள் பரவின. 1980களின் தொடக்கத்தில் செயற்கைப் பைரித்திராய்டுகள் வந்தன. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் மைக்கேல் எலியட் குழு 1970களில் உருவாக்கிய பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஜப்பானில் உருவான பென்வேலரேட் ஆகியவை ஏக்கருக்குச் சில பத்து கிராமில் வேலை செய்தன. புழு கீழே விழுவதை விவசாயி கண்ணால் பார்த்தார். அதைவிட நம்பிக்கை தரும் விளம்பரம் கிடையாது.

இரண்டு சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. காய்ப்புழுவைக் கொன்ற வயல்களில் வெள்ளை ஈ பெருகியது. ஆந்திரம், குஜராத், தமிழ்நாடு என 1980களின் நடுவில் அது பெருந்தொல்லையாயிற்று. அடுத்து 1987-88 பருவத்தில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் பகுதிகளில் எத்தனை முறை அடித்தும் அமெரிக்கன் காய்ப்புழு சாகவில்லை. எதிர்ப்பாற்றல் உண்டென்று ஆய்வகச் சோதனைகள் உறுதி செய்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1983இலேயே இதே புழுவிடம் இதே எதிர்ப்பாற்றல் தெரிந்து, பைரித்திராய்டை ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் மட்டும் அடிக்க அங்கே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தியாவில் அப்படியொரு கட்டுப்பாடு நடைமுறைக்கு வரவில்லை. அதன் இடத்தில் கூட்டு மருந்துகள் வந்தன. புரொபெனோபாஸும் சைபர்மெத்ரினும், குளோர்பைரிபாஸ் 50 விழுக்காட்டோடு சைபர்மெத்ரின் 5 விழுக்காடு, டிரையசோபாஸ் 35 விழுக்காட்டோடு டெல்டாமெத்ரின் 1 விழுக்காடு, எத்தியான் 40 விழுக்காட்டோடு சைபர்மெத்ரின் 5 விழுக்காடு. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பைரித்திராய்டு மிகச் சிறிய அளவில் வேலை செய்வது, பாஸ்பரஸ் சார்ந்த மருந்துக்கு அதைப்போலப் பத்து மடங்கு தேவை. எக்டேருக்கு ஏறத்தாழ 500 கிராம் புரொபெனோபாஸுக்கு 50 கிராம் சைபர்மெத்ரின் என்ற வழக்கமான அளவே டப்பாவில் 40க்கு 4 என்றாயிற்று.

இந்தக் கலவைகள் வேலை செய்தன, அதில் ஐயமில்லை. நாக்பூரிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கே. ஆர். கிராந்தியும் உடன் ஆய்ந்தவர்களும், அமெரிக்கன் காய்ப்புழு பைரித்திராய்டை எஸ்டரேஸ் வழியாகவும் ஆக்சிஜனேற்ற நொதிகள் வழியாகவும் சிதைப்பதைக் காட்டினார்கள். புரொபெனோபாஸ் போன்ற மருந்து எஸ்டரேஸை முடக்குகிறது என்பதை 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ராபின் கன்னிங்கும், ரோத்தம்ஸ்டெட்டைச் சேர்ந்த மூர்ஸ், டெவன்ஷயர் ஆகியோரும் நிறுவினார்கள். தத்துப்பூச்சியிடம் கிட்டாசின் செய்ததையே காய்ப்புழுவிடம் புரொபெனோபாஸ் செய்தது. ஜப்பானிய நெல் வயலில் அறிவியலாய் வளர்ந்த ஒரு கருத்து, இந்தியப் பருத்தி வயலுக்கு முதலில் சரக்காக வந்து சேர்ந்தது. விளக்கம் பின்னால் வந்தது.

எதிர்ப்பாற்றலைத் தள்ளிப்போடும் என்ற மூன்றாவது வாதத்தைத் தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். 1980களில் கர்ட்டிஸ் முதலியோர் கணித மாதிரிகளால் ஒன்றைக் காட்டினார்கள்: கலவையின் இரண்டு நஞ்சும் தனித்தனியே முழு வலுவோடு இருந்து, இரண்டிற்கும் எதிர்ப்பாற்றல் மிக அரிதாக இருந்தால், கலவை எதிர்ப்பாற்றலை வெகுவாகத் தாமதப்படுத்தும். 1989இல் புரூஸ் டபாஷ்னிக் இந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரண்டு நஞ்சும் இலையில் ஒரே அளவு நாள் நிற்க வேண்டும். இரண்டும் முழு அளவில் இருக்க வேண்டும். ஒன்றை எதிர்க்கும் வழி மற்றொன்றையும் எதிர்க்கக் கூடாது. கொஞ்சம் பூச்சிகளாவது நஞ்சு படாத இடத்தில் தப்பிப் பெருக வேண்டும். 1990களின் இந்தியப் பருத்தி வயலில் இவற்றில் எது இருந்தது? பைரித்திராய்டு ஏற்கனவே தோற்ற பின்னர்தான் கலவை வந்தது. வாரத்துக்கு ஒரு தெளிப்பு நடந்த ஊரில் நஞ்சு படாத மூலை எங்கே இருக்கும்? மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி நாடுகள் பைரித்திராய்டைத் தொடக்கத்திலிருந்தே பாஸ்பரஸ் மருந்தோடு சேர்த்தே அடித்தன. அங்கே எதிர்ப்பாற்றல் 1990களின் பிற்பகுதியில்தான் வெளிப்பட்டது. கலவையை முதலில் கொண்டுவந்ததற்கும் கடைசியில் கொண்டுவந்ததற்கும் உள்ள தூரம் அது. ஆனாலும் அங்கே தெளிப்புகளின் எண்ணிக்கை குறைவு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1990களில் நாட்டின் சாகுபடிப் பரப்பில் 5 விழுக்காடு கொண்ட பருத்தி, பூச்சிமருந்தில் ஏறத்தாழ பாதியை விழுங்கியது. 1997-98இல் வாரங்கலில் புகையிலை வெட்டுப்புழு பெருகிப் பயிர் அழிந்தபோது, கடனுக்கு வாங்கிய மருந்துகளை மாற்றி மாற்றி அடித்துத் தோற்ற விவசாயிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் சொன்னதன்பேரில் டேங்கிலேயே மூன்று மருந்தைக் கலக்கும் பழக்கம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. பதிவு பெற்ற கலவைக்கும் கைக்கலவைக்கும் இடையிலிருந்த கோடு வயலில் அழிந்துபோயிற்று.

நெல்லில் புகையான்

பருத்திக்கென வந்த பைரித்திராய்டு கலவைகள் பக்கத்து நெல் வயலுக்கும் போயின. அங்கே வேறு வினை காத்திருந்தது. லாஸ் பானோஸில் ஹெய்ன்ரிக்ஸும் தமிழகத்திலிருந்து சென்ற பூச்சியியலாளர் எஸ். செல்லையாவும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்றவை படும் புகையான் என்ற சாறுறிஞ்சும் நெல் பூச்சி சாகாமல் தப்பினால் அதிக முட்டையிடுகிறது, அதிகமாக உண்கிறது என்று காட்டியது. புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதே தெளிப்பில் மடிந்தன. இந்தோனேசியா 1986இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றால் நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இந்தப் புகையான் பெருக்கத்தால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையிலும் செயற்கைப் பைரித்திராய்டுகளைத் தவிர்க்கச் சொல்லும் வரி இருக்கிறது. வயலில் சிலந்தி இல்லையெனில் தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்று அது சொல்லும் கணக்கு, எந்தக் கலவையையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. டப்பாவைத் திறக்கும் முன் குனிந்து எண்ணச் சொல்கிறது அது.

பிற்காலத்தில் நெல்லுக்கு வந்த கலவைகள் இந்தப் பாடத்தை ஓரளவு கேட்டிருக்கின்றன. புளூபென்டியமைடு புழுவின் தசையைத் தாக்க, உடன் சேரும் புப்ரோபெசின் புகையானின் தோலுரிப்பைத் தடுக்கிறது. குளோரான்ட்ரனிலிபுரோலும் தயமீத்தாக்சமும் சேர்ந்த குருணை, செவிடாலின் பழைய கணக்கைப் புது மூலக்கூறுகளால் செய்கிறது. இவை முதல் காரணத்துக்கான நேர்மையான கலவைகள். ஆனால் ஆசியாவின் பல பகுதிகளில் புகையான் 2000களின் நடுவிலேயே இமிடாகுளோபிரிடை எதிர்க்கத் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட வயலில் எத்திபுரோலும் இமிடாகுளோபிரிடும் 40க்கு 40 சேர்ந்த டப்பா, விலையில் இரண்டு மருந்து, வேலையில் ஒரு மருந்து.

யவத்மால்

காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உருவாக்கும் பி.டி. பருத்தி 2002இல் வந்து காய்ப்புழுவுக்கான தெளிப்பு குறைந்தது. சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கான தெளிப்பு ஏறியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. நஞ்சையும் எதிர்த்து மீண்டபோது பழைய கலவைகளும் திரும்பின. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இறந்தார்கள். மகாராஷ்டிர அரசு 60 நாள் விற்பனைத் தடை விதித்த ஐந்தில் இரண்டு கூட்டு மருந்துகள்: புரொபெனோபாஸ்-சைபர்மெத்ரின், பிப்ரோனில்-இமிடாகுளோபிரிட்.

உயிர்வேதியியல் பக்கம் இங்கே திரும்பிப் பார்க்கப்பட வேண்டும். பைரித்திராய்டைச் சிதைக்கும் எஸ்டரேஸ் வகை நொதிகள் மனிதக் கல்லீரலிலும் உண்டு. பாஸ்பரஸ் மருந்து அவற்றையும் முடக்குகிறது. காய்ப்புழுவிடம் கலவைக்கு வலு தந்த அதே செயல், முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தெளிப்பவரின் உடலிலும் நடக்கிறது. பாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் உண்டு, பைரித்திராய்டுக்குத் தனி முறிவு மருந்து இல்லை, பிப்ரோனிலுக்கும் இல்லை. டேங்கில் எதெது கலந்தது என்று தெரியாமல் அரசு மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு மருத்துவர் அறிகுறியை வைத்தே வழி தேட வேண்டியிருக்கிறது.

தற்கொலைகளைக் குறைக்கத் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தபோதும் பட்டியலில் இரண்டு கூட்டு மருந்துகள் இருந்தன: புரொபெனோபாஸ்-சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ்-சைபர்மெத்ரின். குண்டூரில் தோற்ற பைரித்திராய்டைத் தூக்கி நிறுத்த வந்த அதே இணைகள் இவை. டப்பாவின் மேலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் கடுமையைச் சொல்கின்றன. உள்ளே இருக்கும் இரண்டில் எந்த மருந்து அந்த ஊர்ப் பூச்சியிடம் ஏற்கனவே தோற்றுவிட்டது என்பதை அந்த நிறம் காட்டாது. அதை அறிய வட்டாரம்தோறும் ஆண்டுதோறும் பூச்சியைப் பிடித்துச் சோதித்து, முடிவை விதைப்புக்கு முன் மருந்துக்கடைப் பலகையிலேயே எழுதிவைக்க வேண்டும்.