தீராத நோயும் தீரக்கூடிய வலியும்



திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. மருந்தால் நோய் தீராது என்று தெரிந்தபின் அந்த நான்காமவனின் கடமை என்ன? இவ்வினாவுக்கு மனித குலம் விடை தேடிய வரலாற்றை இன்று காண்போம்.

முதலில் நம் ரெங்கம் வட்டாரத்தைப் பார்ப்போம். ஜொகூர் இரயில் பாதை 1909-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியே தமிழகத்து மக்கள் வந்து சேர்ந்தனர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் அவர்களை வாட்டின. தொழிலாளர் சட்டங்களின் வற்புறுத்தலால் தோட்ட ஆஸ்பத்திரிகள் எழுந்தன. டிரெசர்கள் மருந்து கொடுத்தனர். ஆயினும், காய்ச்சலில் விழுந்தவனை எழுப்பி மீண்டும் பெரட்டுக்கு அனுப்புவதே அவற்றின் தலையாய நோக்கமாக இருந்தது. இனி எழ மாட்டான் என்பவனுக்கு லயத்து வீடே ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டு வருவாள். எதிர்வீட்டுக்காரர் இரவெல்லாம் விழித்திருப்பார். அன்புக்குக் குறைவில்லை, வலிக்குத்தான் வழியில்லை.

பெரிய நகரங்களின் நிலை மட்டும் மேலானதா? இல்லை. 1948-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் டேவிட் தஸ்மா என்னும் போலந்து நாட்டு அகதி, உற்றார் எவருமின்றிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணி அவர் அருகில் அமர்ந்து பேசிவந்தார். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இல்லம் எழ வேண்டும் என்று இருவரும் எண்ணினர். தஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை அதற்கென விட்டுச் சென்றார். தாதியாகப் பயின்றிருந்த சாண்டர்ஸ், பின்னர் மருத்துவமும் கற்று 1957-இல் மருத்துவரானார். 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி என்பது உடலில் மட்டும் இல்லை. மனக்கவலை, குடும்பத்தின் நிலை, தனிமை ஆகியவையும் அதில் அடங்கும் என்று அவர் உலகுக்கு எடுத்துரைத்தார். நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்னும் துறைக்கு அதுவே அடித்தளமாயிற்று.

1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலியைப் போக்க மூன்று படிகள் கொண்ட முறையை வகுத்தது. எளிய மாத்திரையில் தொடங்கி, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை செல்வது அம்முறை. 1993-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலி நிவாரண மருத்துவமனை, நாளடைவில் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகப் பயிற்றி வீடு வீடாக அனுப்பும் இயக்கத்துக்கு வித்திட்டது. நம் நாட்டில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991-இல் தோன்றியது. 1995-இல் கோத்தா கினபாலு எலிசபெத் அரசியார் மருத்துவமனையில் அரசாங்கத்தின் முதல் நோய்த் தணிப்புப் பிரிவு ஏற்பட்டது. 2019-இல் இதற்கென ஒரு தேசியக் கொள்கையே வகுக்கப்பட்டது.

இவ்வரலாற்றால் நமக்கு என்ன பயன்? ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட்டனர். லயங்கள் வெறிச்சோடின. கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. அன்று மருந்து இல்லை, மனிதர் இருந்தனர். இன்று மருந்து இருக்கிறது, மனிதர் குறைந்துவிட்டனர்.

மேலும், மார்ஃபின் என்றாலே போதைப்பொருள் என நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. மருத்துவர் அளவறிந்து கொடுக்கும்போது புற்றுநோயாளி அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல், குமட்டல் முதலிய தொல்லைகளுக்கும் மாற்று மருந்து உண்டு. வீண் அச்சத்தால் பெற்றோரைத் துடிக்கவிடுவது முறையாகுமா? "வலி தாங்க முடியவில்லை" என்று அரசாங்க மருத்துவமனையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோய்த் தணிப்புப் பராமரிப்பு கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அது கைவிடப்பட்டவர்களுக்கு உரியதன்று. நோய்க்கான சிகிச்சை நடக்கும்போதே சேர்த்துப் பெறக்கூடியது.

அதுபோல், இரவு பகலாகக் கண்விழிக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சற்று ஓய்வு வேண்டும். கோயில் குழுவும் இளைஞர் மன்றமும் முறைவைத்து ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்தாலே போதும். நோயைத் தீர்ப்பது எல்லாருக்கும் இயலாது. அருகிருந்து பேணுவது எவருக்கும் இயலும்.